டயரின் நடுவும் ஓரமும்

மகனே,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. மூன்றாம் நாளே பதில் போட்டுவிடுகிற மனுஷன் இந்த முறை ஏன் இப்படி இழுத்தடிக்கிறார் என்று நீ யோசித்திருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். தாமதத்துக்குக் காரணம் உன் டயர்தான். நாலு பக்கக் கடிதத்தில் விசா கிடைத்தது பற்றி அரைப் பக்கம், இத்தாலியில் நீ மெக்கானிக்காகப் போகப்போகிற கராஜ் பற்றி அரைப் பக்கம், மீதி முழுக்க ஜப்பானிலிருந்து வந்த உன் பழைய மோட்டார் சைக்கிளுக்கு நீ வாங்கிப் போட்ட இரண்டு டயர்களைப் பற்றி. கடைசியில் மட்டும் நாலு வரி: வண்டியை விற்பதற்கு முன்னால் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டி மற்றப் பக்கம் ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும், அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டியது அப்பா பொறுப்பு என்று. அந்த நாலு வரிக்குப் பதில் எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் எடுத்தது.

கடிதத்தை முதலில் படித்தவள் உன் அம்மாதான். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஏற மாட்டேன்னு எழுதிருங்க. நான் ஏறினா வண்டி சாயும். வெளிநாடு போற புள்ள கையக் கால ஒடிச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள். வலது கையால்தான் கடிதத்தை மடித்தாள். அந்த முழங்கை முழுசாக நீளாது என்பது உனக்குத் தெரியும். ஏன் நீளாது என்பதும் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது நாங்கள் வண்டியில் விழுந்தோம், மலை ரோட்டு முடக்கில் திரும்பும்போது அம்மா பயந்துபோய் மறுபக்கம் சாய்ந்துவிட்டாள், அதனால்தான் வண்டி சறுக்கியது. இதுதானே நீ கேட்டு வளர்ந்த கதை? அதை ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். மகனே, அது பொய். இருபத்து மூன்று வருடமாக அவள் அந்தப் பொய்யை உண்மை என்று நம்பிக்கொண்டு, வண்டி என்றால் எட்டி நிற்கிறாள். இதை வைத்துக்கொண்டு அவளை எப்படி உன் வண்டியில் ஏறச் சொல்வது?

அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் டயர். எஸ்டேட் ஆபீசில் கிளாக்கராக முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறையும் ஆட்களின் சம்பளச் செக்ரோலும் எழுதியே காலத்தை ஓட்டியவனுக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதே யோசனைதான். ஸ்போர்ட் டூரிங் டயர் என்று எழுதியிருந்தாய். நேர் ரோட்டில் தேயாமல் நெடுந்தூரம் ஓட நடுவில் கெட்டியான ரப்பர், முடக்கில் சாயும்போது ரோட்டைப் பிடிக்க இரண்டு ஓரத்திலும் மிருதுவான ரப்பர் என்றாய். ஒரே டயரில் இரண்டு ரப்பரை எப்படி ஒட்டுகிறார்கள்? ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியுமா? நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாயும்போது அந்தக் கோட்டைத் தாண்டுவது உனக்கு உட்காருகிற இடத்தில் தெரிகிறதா? மிருதுவான ரப்பர் சூடானால்தான் பிடிக்கும் என்கிறாய். ரிவர்ஸ்டன் பக்கம் பகல் பன்னிரண்டு மணிக்கும் பனிமூட்டம் ஏறி, ரோடே நனைந்து கிடக்கும். அந்தக் குளிரில் அது எங்கே சூடாவது? தண்ணீர் ஓட வெட்டியிருக்கிற காடி நடுவில் கூடவும் ஓரத்தில் குறையவும் இருப்பதாக எழுதியிருந்தாய். அப்படியானால் மழையில் சாய்ந்தால் எதை நம்புவது? இப்படி இருபது கேள்வி கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வரும்போது பதிலோடு வா.

கேள்வி எழுதியதோடு நிற்கவில்லை. பென்ஷன் விஷயமாக மாத்தளைக்குப் போன அன்றைக்கு, அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்கு வெளியே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களின் டயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். என்ன அதிசயம் தெரியுமா? எந்த வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று டயரே சொல்லிவிடுகிறது. வில்கமுவப் பக்கத்து வண்டிகள் வாய்க்கால் ரோட்டில் நேராகவே ஓடுகிறவை. நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, ஓரத்தில் புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மயிர் கூட அப்படியே இருக்கிறது. யட்டவத்தை வண்டிகளில் நடுவும் ஓரமும் ஏறக்குறையச் சமமாகத் தேய்ந்திருக்கிறது. நம் ரத்தோட்டைத் தபால்காரரின் வண்டியிலோ ஓரம்தான் முதலில் போயிருக்கிறது, அதிலும் வலது ஓரம் கூடுதலாக. இது என்ன கூத்து என்று அங்கேயே நின்று யோசித்தேன். மலை ஏறும்போது வலது பக்கம் திரும்புகிற முடக்கு, இறங்கும்போது இடது பக்கம்தானே? இரண்டும் சரிக்குச் சரியாக அல்லவா தேய வேண்டும்? பிறகு பிடிபட்டது. நாம் ரோட்டின் இடது பக்கம் ஓடுகிறோம். இடது பக்கம் திரும்பும்போது முடக்கின் உள்பக்கமாகச் சுருக்கமாகத் திரும்பிவிடுகிறோம். வலது பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே வலது பக்கம் சாய்ந்தபடி ஓடுகிற தூரம் கூடுதல். சரியா என்று சொல். பிழை என்றால் சிரிக்காமல் சொல்.

அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காவலுக்கு நின்ற பொலிஸ்காரப் பையன் வந்து பிடித்துக்கொண்டான். "டயருக்குள்ள என்ன தேடுறீங்க சீயா?" என்று, தன் தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி, சிங்களத்தில் கேட்டான். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, வலது ஓரம் ஏன் கூடத் தேய்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டவன், முடிந்ததும் தன் மோட்டார் சைக்கிளிடம் போய்க் குனிந்து பார்த்தான். திரும்பி வந்து, "ஆமா சீயா, என்னோடதும் வலது பக்கம்தான்" என்றான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் குண்டு வைக்க வந்தவன் என்று என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள், நீ இத்தாலியை விட்டுவிட்டுப் பொலிஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்திருப்பாய். சண்டை நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்த நன்மை, மோட்டார் சைக்கிள் டயரைக் குனிந்து பார்க்கலாம் என்பதுதான்.

அம்மா கதைக்கு வருகிறேன். நான் முதன்முதலில் வண்டி வாங்கிய காலத்தில் இந்த நாட்டில் ஒன்றும் கிடைக்காது. பாணுக்குக் கியூ, சீலைக்குக் கியூ. புது டயர் என்பதைக் கடையில் கண்ணால் பார்த்ததே இல்லை. தேய்ந்த டயருக்கு மேலே ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ரீபில்ட் டயர்தான் எல்லாருக்கும். அதுவும் வெடித்தால், உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒரு தடவை குதிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா அந்தக் குதிப்புக்குத் தாளம் போட்டுப் பாடுவாள். நம்ப மாட்டாய், ஆனால் அவள் அப்படித்தான் இருந்தாள். கல்யாணமான புதிதில் வண்டியில் போவதென்றால் எனக்கு முன்னால் வாசலில் வந்து நிற்பாள். அரசாங்கம் மாறி, கடைகள் நிரம்பத் தொடங்கியபோது நான் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? ரேடியோ இல்லை, இரண்டு புது டயர். அன்றைக்கு அவளிடம் சொன்னேன்: "புது டயர் போட்ட அன்னைக்கே உன்ன மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போறேன். அங்கன இருந்து பாத்தா வில்கமுவ வரைக்கும் வயலாத் தெரியுமாம்." எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், மலையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தவள். அந்த ஆசை அவளுக்கு என்னைவிட அதிகமாக இருந்தது.

டயரை மாத்தளையில் முதல்நாள் போட்டுவிட்டு வண்டியை அங்கேயே விட்டு வந்தேன். மறுநாள் உன்னைப் பக்கத்துக் குவாட்டர்ஸில் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனோம். முத்துமாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டு, அங்கிருந்தே மலைக்குப் போவதாகத் திட்டம். பூசைக்கு வருகிற லொறிகளின் டயரெல்லாம் கன்னங்கரேலென்று மின்னும், பார்த்திருக்கிறாய்தானே? டிரைவர்மார் எதையோ தடவித் துடைத்து அப்படிப் பளபளக்க வைப்பார்கள். என் புது டயரோ கடையில் கிடந்த தூசியில் சாம்பல் பூத்துப்போய் இருந்தது. லொறிக்காரர்கள் பக்கவாட்டில் மட்டும்தான் தடவுவார்கள், ரோட்டில் படுகிற இடத்தைத் தொட மாட்டார்கள் என்பது கிளாக்கருக்குத் தெரியவில்லை. காலையில் வீட்டில் உன் அம்மா வெந்தயமும் செவ்வரத்தம்பூவும் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த தலை எண்ணெயை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் முழுசாக ஊற்றி எடுத்துக்கொண்டேன். அவள் வளையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பழைய துணியால் இரண்டு டயருக்கும் சுற்றிவரத் தடவினேன். பக்கவாட்டு, நடு, ஓரம், ஒன்றையும் விடவில்லை. டயர் மின்னிய மின்னலில் ஐயரே, "புது வண்டியா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

ரத்தோட்டை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் கடிதத்தில் நடு, ஓரம் என்று நீ படம் போட்டுக் காட்டியபோது அதன் காரணம் என் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. நேர் ரோட்டில் ஓட ஓட, நடுவில் இருந்த எண்ணெயைத் தூசியும் தாரும் துடைத்துவிட்டன. நானும் வண்டி நன்றாகத்தான் பிடிக்கிறது என்று நம்பிவிட்டேன். ஓரத்து எண்ணெய் அப்படியே இருந்தது. ரத்தோட்டையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கி, முதலாவது பெரிய முடக்கில் வலது பக்கம் நன்றாகச் சாய்த்தேன். அதுவரைக்கும் ரோட்டைத் தொடாத ஓரம் அப்போதுதான் ரோட்டைத் தொட்டது. அடுத்த நொடி நாங்கள் தரையில். வேகம் இல்லாததால் எனக்குச் சிராய்ப்போடு போனது. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் முதுகுப் பக்கமாக விழுந்து, ஊன்றிய கையில் முழங்கை விலகிவிட்டது. அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வண்டியை நிமிர்த்தப் போனேன். டயரின் ஓரத்தைப் பிடித்தேன், கை வழுக்கியது. உள்ளங்கையில் அவள் தலை வாசம் அடித்தது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டுக் கொழுந்து மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "என்னங்க கிளாக்கரையா, புது டயரு போட்டும் இப்படி ஆயிருச்சே?" என்று கங்காணி கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால், தலைக்கு வைக்கிற எண்ணெயை டயருக்குப் பூசினேன் என்று எப்படிச் சொல்வது? எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும். "அவ பயந்து அந்தப் பக்கம் சாஞ்சிட்டா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்படியாங்க? நான் சாஞ்சிட்டேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான வேலை எது என்று கேட்டால், எண்ணெய் பூசியது இல்லை, அந்தத் தலையாட்டல்தான். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து வலது பக்கம்தான் சாய்ந்தாள். கை தோளில் அழுந்தியது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம், கட்டு அவிழ்த்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு சொல்லவே முடியாமல் போனது. அவள் வண்டியில் ஏறவே இல்லை. "என் ராசி அப்படி, நான் ஏறினா சாயும்" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உன் அம்மாவைப் பெற்ற தாத்தா இறந்துவிட்டதாக ஆள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று கலகக்காரர்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போன காலம். மோட்டார் சைக்கிள்காரர்கள் தோட்டத்து ரோடுகளால் ஒளித்து மறைத்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள். வண்டியை எடுத்து வெளியே வைத்து, "ஏறு, ஒன்றரை மணித்தியாலத்துல போயிரலாம்" என்றேன். "வேணாங்க. நான் ஏறி, நீங்களும் விழுந்து, ரெண்டு சாவாயிரும்" என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, அவளோடு நானும் நடந்தேன். காலையில் வெளிக்கிட்டவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஊரடங்குக்கு முன்னால் அடக்கம் பண்ண வேண்டும் என்று முடித்துவிட்டிருந்தார்கள். அவள் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வழி முழுக்க நான் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தேன் மகனே, வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு விழுந்த வண்டியின் முன் டயர் இன்றைக்கும் நம் வீட்டில்தான் இருக்கிறது. ரோட்டில் ஆட்களை டயர் போட்டு எரித்த அந்தக் கலக வருடங்களில் வீட்டில் பழைய டயர் வைத்திருக்கவே எல்லாரும் பயந்தார்கள். நான் அதைப் பின்பக்கம் பாதி புதைத்து, உள்ளே மண் போட்டுக் கொடுத்தேன். உன் அம்மா பதின்மூன்று வருடமாய்ப் புதினா நட்டுப் பறிக்கும் பாத்தி அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கையளவு துண்டை வெட்டி எடுத்தேன். ஒரு பலகையில் அந்தத் துண்டை வைத்து, மேலே அரைச் செங்கல்லைப் பாரம் ஏற்றி, பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, எந்த உயரத்தில் வழுக்குகிறது என்று பார்த்தேன். பலகை தார் ரோடு ஆகாது என்று எனக்கும் தெரியும், மெக்கானிக் சிரிக்க வேண்டாம். காய்ந்த பலகையில் முனைக்குக் கீழே ஐந்து செங்கல் அடுக்கிய பிறகுதான் நகர்ந்தது. பீலியில் வடிகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றியதும் நாலு. அம்மா வாசற்படியில் நின்று, "பென்ஷன் எடுத்த மனுசனுக்கு வெளயாட்டப் பாரு. என் புதினாப் பாத்திய வேற ஓட்டயாக்கிட்டீங்க" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்தது எண்ணெய். என்ன தைரியத்தில் செய்தேன் என்று தெரியவில்லை, அல்லது சொல்ல வழி தேடித்தான் அந்தக் கூத்தையே தொடங்கினேனோ என்னவோ, உள்ளே போய் அவள் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏங்க, என் எண்ணெய எங்க கொண்டு போறீங்க?"

"ஒரு சொட்டுதான். டயருக்கு."

"டயருக்கு யாராச்சும் தல எண்ண பூசுவாங்களா?"

நான் துண்டின் ஓரத்தில் பூசிப் பலகையில் வைத்தேன். முதல் செங்கல்லை அடியில் வைத்ததுமே வழுக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனாள். கேலி நின்றுவிட்டது.

"அன்னைக்குக் காலயில என் போத்தலு காலியாக் கெடந்துச்சு" என்றாள். "நீதான் முடிச்சிருப்பன்னு சொன்னீங்க. தண்ணியத் தொட்டுத் தல வாரிக்கிட்டு கோயிலுக்கு வந்தேன்."

"நான்தான் எடுத்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு மேலே எழுதியதைவிடக் குழறிக் குழறிச் சொன்னேன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டாள்: "அப்ப அந்த முடக்குல நான் எந்தப் பக்கம் சாஞ்சேன்?"

"என் கூடத்தான் சாஞ்ச. சரியாத்தான் சாஞ்ச."

அவள் என் கையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை வாங்கி மூடியைத் திருகினாள். "அப்ப நான் எங்கப்பா மொகத்தப் பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பீலிக்குப் பக்கத்தில் அந்தப் பலகையோடு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று உனக்கு எழுத வெட்கம் இல்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனாள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பிக்கு எழுதுங்க, நான் வர்றேன்னு. டெய்லர்கிட்ட சல்வாருக்கு அளவு குடுத்துட்டு வந்திருக்கேன், ரெண்டு பக்கமும் கால் போட்டு ஒழுங்கா உக்காருவேன். டயரு புதுசுன்னா கொஞ்ச நாள் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. எண்ண கிண்ண ஒண்ணும் தொடக் கூடாது." நான் மெதுவாக, "நானும்…" என்று இழுத்தேன். "நீங்க பஸ்ல வாங்க" என்றாள்.

என்னை மன்னித்துவிட்டாளா என்று நீ கேட்பாய். தெரியாது. கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவளாகச் சொன்னால் சொல்லட்டும். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். போகிற இடத்தில் நீ பிழை விடுவாய், எல்லாரும் விடுகிறோம். பிழை உன் கையில் வழுக்குகிற அந்த நிமிஷத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடு. நாலு பேர் சிரிப்பார்கள், நாலு நாள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஹேண்டில் உன் கையில் இருக்கும்போது பின்னால் உன்னை நம்பி உட்கார்ந்திருப்பவர் மேல் பழியைப் போடாதே. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களும் உன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

டயர் விஷயத்தில் நீ எனக்கு வாத்தியார், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது டயர் முதல் நூறு மைலுக்கு வழுக்கும் என்று நீயே எழுதியிருந்தாய். அந்த நூறு மைலை நீ இருக்கிற கொழும்பிலேயே ஓடி முடி, ஓரமும் தேயும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டு. காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார், பின்னால் ஆள் ஏறுவதற்குத் தகுந்த மாதிரிப் பின் டயரில் கூட்டு. பிரேக்கை முடக்குக்கு முன்னால் பிடி, முடக்குக்குள் பிடிக்காதே. கொழுந்து லொறிகள் திரும்புகிற இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும், மழைக்குப் பிறகு கல்லும் இலையும் முடக்கின் வெளிப்பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். பனிமூட்டம் இறங்கினால் நிறுத்திவிடு. மலை எங்கேயும் போகாது.

நான் விடியக் காலை பஸ்ஸில் முன்னாலேயே போய், மலைக்கு அந்தப் பக்கம் இலுக்கும்புரையில் இறங்கிக் கடை வாசலில் காத்திருப்பேன். கேள்விக் கொப்பியும் கையில் இருக்கும். வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக உன் டயரின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று. நாங்கள் விழுந்த இடம் ரத்தோட்டை தாண்டி முதலாவது பெரிய வலது முடக்கு, கீழ்ப்பக்கம் மதகு கட்டியிருக்கிறது, தவறவிட மாட்டாய். அங்கே வரும்போது வேகத்தைக் குறை. ஆனால் "அம்மா, பயப்படாதீங்க", "இந்தப் பக்கம் சாயுங்க" என்று ஒன்றும் சொல்லிவிடாதே. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

உன் அப்பா